கூலியும் வெற்றிலைபாக்கும்



சில ஆண்டுகளுக்கு முன்பு எம் குடும்பத்துக் கல்யாணம் ஒன்று திருப்பதியில் நடந்தது. மணமகள் எம் தமையனாரின் மகள். புனே நகரில் பிறந்து வளர்ந்தவள். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் வெளி மாநிலங்களிலிருந்து வந்து இறங்குபவர்கள். நாம் சித்தூர்வாசிகள். ஆகவே மண்டபம், சமையல், மேளம், பூ முதலிய ஏற்பாடுகளெல்லாம் நம் தலையில் விழுந்தன. மணமகளுக்கு ஜடை தைத்து முகவொப்பனை செய்ய ஆள் பார்க்கும் பொறுப்பும் அவற்றுள் ஒன்று.

சித்தூரில் சிறிய அழகு நிலையம் ஒன்று நடத்தும் பெண்மணியைக் கண்டு பேசினோம். கூலி 12,000 ரூபாய், வழிச்செலவு தனி என்று முடிவாயிற்று. முகூர்த்தம் காலை 6 மணிக்கு. சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அந்த அம்மையார் தம் உதவிப் பெண்ணுடன் முதல்நாள் இரவே வந்து, மண்டபத்தின் ஒரு மூலையில் பாய் விரித்துச் சற்றே கண்ணயர்ந்து, இரண்டு மணிக்கெல்லாம் எழுந்துவிட்டார். நான்கு மணி நேரம் இருவரும் உட்காரவில்லை. சவரி வைத்துப் பின்னி, மல்லிகையும் கனகாம்பரமும் வைத்துத் தைத்து, ராக்கொடியும் சூரியப்பிரபை சந்திரப்பிரபையும் பொருத்தி, குஞ்சலம் கட்டி முடித்தபோது, பெண்ணைப் பெற்ற தாயே ஒரு கணம் அடையாளம் தெரியாமல் நின்றாள்.

கல்யாணம் முடிந்தது. கணக்குத் தீர்க்கும் வேளையில் மணமகளின் பெரியம்மா முன்வந்தார். தாரை வார்க்கும்போது பெண் அழுதாள் அல்லவா? அப்போது கண்மை சற்றே கலைந்துவிட்டதாம். அதைக் காரணம் காட்டி, பேசிய கூலியில் 1,000 ரூபாயைக் குறைத்துவிட்டார். பிறகு, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துண்டு வைத்து, அதன்மேல் 501 ரூபாயும் வைத்து, எல்லோரும் பார்க்கப் புன்னகையோடு நீட்டினார்.

அந்த அம்மையார் வெற்றிலைபாக்கை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பணத்தை மட்டும் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டு, மெல்லிய குரலில், “அம்மா, கூலி இவ்வண்டி, இனாம் வத்து” என்றார். ‘கூலியைக் கொடுங்கள், இனாம் வேண்டாம்’ என்பது அதன் பொருள். பெரியம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் நாம் வாய் திறக்கவில்லை. கல்யாண வீட்டில் மூத்தவரை எதிர்த்துப் பேசலாகாது என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொண்டோம். இருவரும் தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்கள்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த ஐந்து சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. மணமகளை அலங்கரிக்கும் தொழிலாளருக்குக் கூலிக்கு மேல் ஏதேனும் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதாயின் எவ்வளவு, எப்படி, யார் கையில்? இது அற்பமான கேள்வி போலத் தோன்றும். ஆயினும் ஒரு மனிதரின் மானம் அதில் தொங்குகிறது.

இவ்வூர்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில் உருவானது. அதன் பெரும்பகுதி அதற்கு முன் வடஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுள் சென்றது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு இடம் மாறினாலும், நகரி, புத்தூர், குப்பம் பக்கங்களில் ஒரே தெருவில் இரண்டு மொழிகளும் புழங்குகின்றன. ஒரே வீட்டில் மாமியார் தமிழிலும் மருமகள் தெலுங்கிலும் பேசிக்கொள்வதுண்டு. மும்பை, தில்லி, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் வேங்கடவன் காலடியில் கல்யாணம் செய்ய வேண்டும் என்று வரும்போது, இந்த இருமொழி நிலத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். தமிழ் கேட்கிறதே என்று வழக்கமும் நம் வழக்கமே என எண்ணிவிடுகிறார்கள். சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

சொல்லிலேயே ஒரு வேடிக்கை உண்டு. நாம் ‘சவரி’ என்று சொல்லும் இணைமுடியைத் தெலுங்கர் ‘சவரம்’ என்பர். மணமகளுக்குச் சவரம் கொண்டுவரட்டுமா என்று அந்த அம்மையார் தொலைபேசியில் கேட்டதும், புனேயிலிருந்த தமையனார் திடுக்கிட்டுப் போனார்!

எண்ணிலும் வேறுபாடு உண்டு. நாம் 101, 501 என்று மொய் வைப்போம். தெலுங்கு நாட்டில் மங்கலத் தொகை 116 அல்லது 1,116. ஐதராபாத் நிஜாமின் நாணயத்தில் 116 ரூபாய், பிரிட்டிஷ் நாணயத்தில் 100 ரூபாய்க்குச் சமமாயிருந்ததால் இவ்வழக்கம் வந்தது என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வர். காரணம் எதுவாயினும், திருப்பதியில் ஒரு தொழிலாளியின் கையில் 116 என்ற கணக்கில் கொடுத்தால், தம் வழக்கத்தை அறிந்து மதித்துக் கொடுத்தார் என்று அவர் முகம் மலரும்.

இனி, இனாம் என்ற சொல்லுக்கு வருவோம். அது அரபு மொழியிலிருந்து வந்தது. கொடை என்பது அதன் பொருள். இன்று கடைக்காரர் இலவசமாகத் தரும் பொருளையும், வேலைக்காரர் கையில் வைக்கும் சில்லறையையும் இனாம் என்கிறோம். முற்காலத்தில் அச்சொல் நிலத்தைக் குறித்தது. கோயிலுக்கும், புரோகிதருக்கும், நாவிதர், சலவையாளர் முதலிய ஊர்ப்பணியாளருக்கும் விடப்பட்ட மானிய நிலங்கள் இனாம் நிலங்கள் எனப்பட்டன. ஆந்திரத்தில் 1956-ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழகத்தில் 1963-ஆம் ஆண்டுச் சட்டமும் இனாம் முறையை ஒழித்து, அந்நிலங்களை ரயத்துவாரி முறைக்குள் கொண்டுவந்தன.

நிலத்தைத் தவிர, அறுவடையின்போது களத்துமேட்டிலிருந்து ஊர்ப்பணியாளருக்குத் தானியமும் அளக்கப்பட்டது. அந்தப் பங்குக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? ‘சுதந்திரம்!’ தேச விடுதலையைக் குறிக்க நாம் வழங்கும் அதே சொல்தான். தனக்கு உரியது என்பது அதன் கருத்து. நாவிதர் களத்துமேட்டில் பெற்ற நெல் பிச்சையன்று; அவருடைய சுதந்திரம்.

கல்யாணத்திலும் அவருக்கென்று வரிசை இருந்தது. மணமகனுக்கு முகம் திருத்துவதும், மணமக்களுக்கு நகம் களைவதும் அவர் குடும்பத்தாரின் பணி. ஆந்திரத்தில் நாதசுரமும் தவிலும் வாசித்து மங்கல இசை முழக்குபவருள் பலரும் அச்சமூகத்தினரே. அவர் வீட்டுப் பெண்கள் பேறுகாலம் பார்த்தார்கள். குழந்தையை ஏந்திய கைகளே பிற்காலத்தில் அக்குழந்தையின் கல்யாணத்திலும் பணி செய்தன. அதற்கு ஈடாக வேட்டி, அரிசி, தேங்காய், வெற்றிலைபாக்கு, பணம் எல்லாம் முறைப்படி சேர்ந்தன.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வரிசை கொடுத்த அதே வீட்டார்தாம் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். வயதில் மூத்தவரையும் ‘நீ’ என்று விளித்தார்கள். அந்த வழக்கத்தின் நிழல் இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆந்திர அரசு 2023-இல், நாயீ பிராமணர் என்று வழங்கப்படும் அச்சமூகத்தாரை இழிவுபடுத்தும் சில சொற்களைப் பயன்படுத்தலாகாது என ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது என்றால், நிலைமை விளங்கும்.

இன்று தொழில் உருமாறியிருக்கிறது. எல்லாச் சமூகத்து மகளிரும் ஆடவரும் பயிற்சி பெற்று, கடன் வாங்கிக் கருவிகள் வாங்கி, அழகு நிலையம் நடத்துகிறார்கள். நிலமும் இல்லை; களத்து நெல்லும் இல்லை. பேசிய கூலி ஒன்றே அவர்களுடைய சுதந்திரம். அதை முழுமையாகக் கொடுப்பது நம் கடமை. அதற்கு மேல் கொடுப்பது நம் மகிழ்ச்சி. கடமையில் வெட்டி எடுத்து மகிழ்ச்சியாகக் காட்டினால், அது கொடையாகாது. கொடையின் வேடம் பூண்ட கடனே ஆகும். அன்று மண்டபத்தில் நடந்தது அதுவே.

கூலிக்கு மேல் கொடுக்கவே கூடாத இடமும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இடம் திருமலைக் கல்யாணகட்டை. நீலாதேவி என்னும் கந்தருவப் பெண் தன் கூந்தலை அறுத்து இறைவனின் தலையிலிருந்த வடுவை மறைத்தாள் என்றும், அதன் நினைவாகவே அடியார் முடி காணிக்கை செலுத்துகின்றனர் என்றும் தலபுராணம் கூறும். அங்கே முடி இறக்குவதற்குக் கட்டணம் இல்லை. பிளேடும் தேவஸ்தானமே தருகிறது. பெண்களுக்கு முடி இறக்கப் பெண் பணியாளர்கள் இருக்கிறார்கள். பணியாளருக்கு ஊதியம் தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. சிலர் மாதச் சம்பளம் பெறுவோர், சிலர் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் பெறுவோர். பக்தர்கள் அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே விதி.

ஆயினும் நம்மவர் சும்மா இருப்பதில்லை. கல்யாணம் முடிந்த கையோடு மலையேறி, மொட்டை போட்டுக்கொண்டு, ‘பாவம், உழைக்கிறாரே’ என்று ஒரு நோட்டைக் கையில் திணிக்கிறார்கள். இரக்கம் நல்லதுதான். அதன் விளைவு யாது? அடுத்து உட்காரும் ஏழை, கொடுக்க ஒன்றுமில்லாமல் கூனிக்குறுகுகிறார். நாளடைவில் கொடுத்தவருக்கு ஒரு முகமும் கொடாதவருக்கு ஒரு முகமும் என்றாகிவிடும். நேர்மையாகப் பணிபுரிபவரும் சந்தேகத்துக்கு ஆளாவார். ஆண்டவன் சன்னிதியில் அரசனும் ஆண்டியும் ஒரே கத்தியின்கீழ் தலை குனிகிறார்கள். அந்தச் சமத்துவத்தை ஒரு நோட்டுக்காகக் கெடுக்கலாகாது. அங்கே கை நீட்டுவதும் தவறு. கையில் திணிப்பதும் தவறு. நன்றி சொல்ல விரும்பினால் வாயால் சொல்லலாம், உண்டியலில் இடலாம். 2016 முதல் திருமலையில் இலவசத் திருமணங்களுக்கென நடைபெறும் கல்யாண வேதிகையிலும், புரோகிதரையும் மங்கல வாத்தியத்தையும் தேவஸ்தானமே கட்டணமின்றித் தருகிறது. அங்கேயும் இதே நெறி பொருந்தும்.

நிறுவனம் ஊதியம் கொடுத்து, எல்லோருக்கும் ஒன்றுபோல் நடத்தும் பணியில் தனிக்கொடை வேண்டா. நாமே அமர்த்தி, நாமே பேசி, நம் வீட்டுக்கென்று செய்விக்கும் பணியில் கூலியும் நம் பொறுப்பு. நன்றியும் நம் பொறுப்பு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் மணப்பெண்ணை அலங்கரிப்பவருக்குக் கூலியில் 100-க்கு 15 முதல் 20 வரை கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். கொடாவிட்டால் குறையாக எண்ணுவர். சப்பானில் அன்றாடப் பணிகளுக்கு இவ்வாறு கையில் கொடுக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கொடுத்தால் பணிவோடு திருப்பித் தந்துவிடுவதுண்டு. நம் நாட்டில் விழுக்காட்டுக் கணக்கு வேரூன்றவில்லை. வேரூன்றவும் வேண்டா என்பது நம் கருத்து. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், இவ்வாறு அன்பளிப்புப் பெறும் தொழிலாளருக்கு முதலாளி ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய குறைந்த கூலியை மணிக்கு 2 டாலர் 13 சென்ட் என்று 1991 முதல் வைத்திருக்கிறது. எஞ்சியதை வாடிக்கையாளரின் அன்பளிப்பு நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் மட்டுமே குறையை முதலாளி ஈடுசெய்வார். பல மாநிலங்கள் இதனினும் உயர்ந்த கூலியை விதித்திருக்கின்றன. ஆயினும் பாடம் தெளிவானது. அன்பளிப்பு தவறாமல் வரும் என்றானால், கூலியைக் குறைக்க அதுவே சாக்காகிவிடும்.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன? பட்டறிந்து கற்ற சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, எல்லாவற்றையும் முன்கூட்டிப் பேசிவிட வேண்டும். எத்தனை பேருக்கு அலங்காரம்? முகூர்த்தத்துக்கு மட்டுமா, வரவேற்புக்கும் உண்டா? சேலை மடித்துக் கட்டுவதும் சேர்ந்ததா? பூ யார் வாங்குவது? வழிச்செலவு எவ்வளவு? தமிழர் முகூர்த்தம் பெரும்பாலும் காலையில்; தெலுங்கர் முகூர்த்தம் நள்ளிரவிலும் அமையும். நேரத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கல்யாணம் கீழ்த் திருப்பதியிலா, மலைமேலா என்பதையும் சொல்ல வேண்டும். திருமலையில் மலர்களெல்லாம் பெருமாளுக்கே உரியவை. அடியார் தலையில் பூச்சூடும் வழக்கம் அங்கே இல்லை. இதனை அறியாமல் பூஜடைக்குப் பணம் கட்டிவிட்டுப் பிறகு அவரோடு வாதாடிப் பயனில்லை.

இரண்டாவது, பேசிய தொகையைப் பேசியபடியே, கேட்குமுன் கொடுத்துவிட வேண்டும். வேலையில் குறை இருந்தால் அதைத் தனியே அழைத்துச் சொல்லலாம். பெண் அழுதால் மை கலையும். அது மையின் குற்றமன்று. திருப்பதிப் பெருமாளே குபேரனிடம் கடன் பட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பது நம் நம்பிக்கை. அவர் கடன் தாமதமானாலும் குபேரன் பொறுப்பான். ஒப்பனை செய்த பெண்மணி வாங்கிய மாதக் கடன் பொறுக்காது.

மூன்றாவது, அன்பளிப்பு கட்டாயமன்று. மனமும் வசதியும் இருந்தால் கொடுக்கலாம். வேலை பேசியதைவிட நீண்டாலும், பாட்டிக்கும் தங்கைக்கும் முகம் பார்த்துத் தலை வாரிவிட்டிருந்தாலும், நள்ளிரவுப் பயணம் நேர்ந்திருந்தாலும் கொடுப்பது அழகு. கூலியில் 100-க்கு 5 முதல் 10 வரை என்பது நம் அளவுக்குப் போதும். அதற்கும் வழியில்லையென்றால், இரண்டு வேளைச் சாப்பாடும், படுக்க நல்ல இடமும், மனமார்ந்த நன்றியும் குறைந்த மரியாதையன்று. பந்தியில் அவர்களை உட்காரவைத்துப் பரிமாறியபின் அனுப்புங்கள். விடியலில் வேலை செய்தவர் பசியோடு போவது கல்யாண வீட்டுக்கு அழகன்று.

நான்காவது, கூலி வேறு, அன்பளிப்பு வேறு என்பது கண்ணுக்கே தெரிய வேண்டும். இந்நாளில் கூலியைக் கைப்பேசி வழியே அனுப்பிவிடுகிறோம், அது சரியே. அன்பளிப்பை அதனோடு கலந்துவிடாமல், ஓர் உறையில் இட்டு, வெற்றிலைபாக்கோடு இரு கைகளாலும் கொடுக்கலாம். மஞ்சள் குங்குமம் ஏற்காத சமயத்தவராயின் பழமும் இனிப்பும் வைக்கலாம். கைம்பெண்ணாயின் குங்குமத்தை எடுத்துவிட்டுக் கொடுப்பது வேண்டா. எல்லோருக்கும் போலவே தாம்பாளத்தை நீட்டி, விருப்பம்போல் எடுத்துக்கொள்ள விடுவதே பண்பு. ஆடவராயின் ரவிக்கைத் துண்டுக்கு மாற்றாக ஒரு துண்டு போர்த்தலாம். தெலுங்கில் ‘காரு’ என்ற மரியாதைச் சொல் ஒன்று உண்டு. பெயரோடு சேர்த்து அதைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். செலவில்லாத அன்பளிப்பு அது.

ஐந்தாவது, உதவியாளரை மறக்கலாகாது. ஊசி எடுத்துக் கொடுத்தவர், சேலை மடிப்பைத் தரையில் அமர்ந்து பிடித்துக்கொண்டவர் யாரோ, அவர் கையில் நேரே கொடுக்க வேண்டும். பெரியவரிடம் மொத்தமாகக் கொடுத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்பது நமக்கு எளிது. கொடுத்தவர் முகத்தையும் வாங்கியவர் முகத்தையும் அது மறைத்துவிடுகிறது.

இந்த ஐந்தாவதை நமக்குக் கற்பித்தவர் அந்தச் சித்தூர்ப் பெண்மணியே. கல்யாணம் முடிந்த மறுவாரம் குறைத்த 1,000 ரூபாயை எடுத்துக்கொண்டு அவருடைய நிலையத்துக்குச் சென்றோம். அன்று வாய் திறவாதது நம் பிழை என்று ஒப்புக்கொண்டோம். அவர் பணத்தை எண்ணி மேசைக்குள் வைத்தார். கூலி என்பதால் மறுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பிறகு உறையிலிட்டு வைத்திருந்த 516 ரூபாயை நீட்டினோம்.

அதை அவர் வாங்கவில்லை. உள்ளே தையல் ஊசிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த உதவிப் பெண்ணைச் சுட்டினார். “எனக்கு என் கூலி வந்துவிட்டது. அன்றைக்கு விடிய விடிய நின்றவள் இவள். கொடுப்பதானால் இவள் கையில் கொடுங்கள்” என்றார். அன்று கூலி குறைந்தபோதும் அப்பெண்ணுக்குச் சேர வேண்டியதை அவர் தம் கையிலிருந்து குறையாமல் கொடுத்திருந்தார் என்பதைப் பேச்சினூடே அறிந்தோம்.

அப்பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். உறையை நீட்டப்போன நாம் ஒரு கணம் தயங்கினோம். எம் வீட்டுப் பெண்ணின் கூந்தலில் நான்கு மணி நேரம் பூ வைத்துத் தைத்தவளை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. அன்றுதான் அவள் பெயரைக் கேட்டோம்.